அண்ணையின் தோளருகே தெரியும் கல்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் கூடிவிட்டது. முன்பின்னாக எழுதியிருந்தால் உறவுகளும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அண்ணையின் மகள்தான், "மாமி, அப்பாவோடை பாலைவனமெல்லாம் திரிஞ்சது நீங்கள்தானே. நினைவு மலருக்கு நீங்கள்தான் எழுதவேணும்" என்று பேனாவைக் கையில் தந்துவிட்டாள்.

அண்ணை புங்குடுதீவில் பிறந்தவர். சிறு வயதிலேயே அம்மா தவறிவிட்டார். அண்ணை கஷ்டப்பட்டுப் படித்து வீதி வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் ஆனார். பிறகு றோட்டு வேலைக்கு ஜோர்தான் போய், அங்கிருந்து லண்டன் வந்தார். என் கணவர் தவறியபோது முதல் விமானத்தில் வந்து நின்றவர் அண்ணை. என்னையும் லண்டனில் கோலியர்ஸ் வுட்டில் தன் வீட்டிலேயே கூப்பிட்டு வைத்துக்கொண்டார். ஒரு நாளும் முகம் கோணியதில்லை.

ஓய்வு பெற்ற பின்னும் அவர் மனம் ஜோர்தானின் தெற்கிலேயே நின்றது. பழைய ரயில் பாதைக்காகக் கட்டிய கற்பாலங்கள் அந்தப் பாலைவனத்தில் இருக்கின்றன. வீடு கட்டவும் ஆட்டுப்பட்டி அடைக்கவும் சனம் கல்லைக் கழற்றுகிறது, அழியமுன் அளந்து படம் எடுத்து வைக்கவேண்டும் என்று குளிர்காலங்களில் தன் செலவிலேயே புறப்படுவார். அளவு நாடாவின் மற்றத் தலைப்பைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அண்ணையின் மனைவி, என் மச்சாளுக்கோ முழங்கால் வருத்தம்.

"நீ போ. இல்லாட்டி இந்த மனுசன் நாடாவை ஆட்டின்ரை கழுத்திலை கட்டிப்போட்டு அளக்கும்" என்று மச்சாள் என்னை அனுப்பிவிட்டார்.

முதல் பாலத்தைக் கண்டதும் கேட்டேன்: "தண்ணி ஒரு சொட்டும் இல்லை. என்னத்துக்கு அண்ணை பாலம்?"

"மழை பெய்தால் வெள்ளம் பாயும், பிள்ளை. வருஷத்திலை ஒரு நாளோ ரெண்டு நாளோ. அந்த நாளுக்குத்தான் இவ்வளவு கல்லும்."

அதை நான் பிறகும் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

பாலத்தின் உயரம் விளங்கப் படத்தில் ஒரு ஆள் நிற்கவேண்டுமாம். எல்லாப் படத்திலும் நான்தான், வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "முகம் தேவையில்லை, உன்ரை உயரம் காணும்" என்று பகிடி விடுவார். ஒரே ஒரு தடவை கமராவை என்னிடம் தந்துவிட்டுத் தான் போய் நின்றார். ஆடு மேய்த்த கிழவர் ஒருவர் அரபியில் ஏதோ சொல்ல, அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். நான் கமராப் பொத்தானை அமத்திவிட்டேன். லண்டன் வந்து படத்தைக் கழுவிப் பார்த்தால் அண்ணை மட்டும். தோளருகே ஒரு கல்.

"பாலம் எங்கை? என்ரை பல்லெல்லோ தெரியுது!"

"நான் உங்களைத்தானே பார்த்தனான்."

படத்தின் கீழ் ஊர்ப்பெயர் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் கல் என்பார் அண்ணை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தும் மகளைக் கொண்டு அந்தப் பெயர்களைத்தான் எழுதுவித்தார். எல்லாப் படத்துக்கும் பெயர் எழுதி முடிந்த பிறகு, நான் எடுத்த அந்தப் படத்தை நீட்டினேன்.

"இது எந்தப் பாலம், அண்ணை?"

கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். "தெரியேல்லை, பிள்ளை. எடுத்தது நீயெல்லோ" என்று சிரித்தார். மறுநாள் விடியப் போய்விட்டார்.

ஊர்ச் செய்தியால் வீட்டுக்கு வீடு அழுதுகொண்டிருக்கும் இந்த 2009இல், தங்கள் துக்கத்தை வைத்துக்கொண்டே எங்கள் துக்கத்துக்கு வந்தீர்கள். சமைத்துக் கொண்டுவந்த அயலவருக்கும், கிரியை செய்த ஐயருக்கும், எல்லோருக்கும் மச்சாளும் பிள்ளைகளும் நானும் கைகூப்புகிறோம்.

எங்கே போனாலும் கமரா அண்ணையின் கையில்தான் இருக்கும். அதனால் அவருடைய நல்ல படம் வேறு எங்களிடம் இல்லை. அந்தப் படத்தையே முகப்பில் போட்டு, கீழே ஊர்ப்பெயருக்கு இடம் விட்டிருக்கிறோம். ஜோர்தானில் அவரோடு வேலை செய்த நண்பர்களுக்கும் இந்த மலர் வருகிறது. நான் எழுதியதில் பிழை இருந்தால் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். அதோடு, அந்தக் கல்லையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். எந்தப் பாலம் என்று தெரிந்தால் சொல்லுங்கள். பெயர் போடாமல் அண்ணை ஒரு படத்தையும் விட்டதில்லை.

தங்கச்சி