நாற்பது டீ

வெந்நீரில் நனைத்த பஞ்சை மருந்துப் பெட்டியின் மேல் ஒற்றிவிட்டு, அது ஊறுவதற்குள் அடுத்த பெட்டியைக் கையில் எடுத்தாள் ஹோம் நர்ஸ். விலைச் சீட்டின் ஓரம் எழும்பியதும் கட்டைவிரல் நகத்தால் நெம்பி உரித்தாள். மிச்சமிருந்த பசையை ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்தாள். மருந்தின் பெயர் அழியக்கூடாது, காலாவதித் தேதி அழியக்கூடாது, விலை மட்டும் போக வேண்டும். அவள் படித்த பயிற்சியில் கட்டுப் போடச் சொல்லிக்கொடுத்தார்கள், படுக்கைப்புண் வராமல் புரட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். இதை இந்த வீட்டில் வந்துதான் கற்றுக்கொண்டாள்.

விலையைக் குறைத்துச் சொல்வது அந்த வீட்டில் மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வந்த சொத்து.

பெரியவர் ஒரு சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தே தலை நரைத்தவர். தெருவில் அவருக்குப் பெயரே கல்லா. கடையை முதலாளி மூடிய அன்றோடு அவர் கடைத்தெருப் பக்கம் போவதை விட்டுவிட்டார். வாங்குவது கொடுப்பதெல்லாம் மனைவி கைக்குப் போயிற்று. ஒருநாள் அந்த அம்மாள் வெங்காயத்தின் விலையை உள்ளபடி சொல்ல, "உன்ன நல்லா ஏமாத்தியிருக்கான்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினார். அவரைத் திண்டாடிப் பிடித்து உட்காரவைத்தவள், மறுநாளிலிருந்து பாதி விலை சொன்னாள். வருஷம் போகப் போகப் பாதியும் பற்றவில்லை. கடைசியில் ஒரு சைபரை வெட்டிவிட்டாள். கணக்குச் சுலபம், வாய் குழறாது. அவள் கண்ணை மூடிய பிறகு மருமகளும் அதே வழிதான். ரேடியோவில் விலைவாசிச் செய்தி வந்தால் பெரியவர் சிரிப்பார். "இவனுங்களுக்கு ஊதிப் பெருசாக்கலன்னா தூக்கம் வராது."

பொய்யை நிறுத்தாததற்குக் காரணமும் இருந்தது. குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனபோது, ஆஸ்பத்திரியில் யாரோ வாய் தவறி மாத்திரை விலையைச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து பெரியவர் மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கிவைத்து, ஆள் போனதும் தலையணை உறைக்குள் துப்பினார். ஆபரேஷன் புண்ணில் சீழ் வைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பிழைத்தது பெரும்பாடு. அதனால் ஹோம் நர்ஸை வேலைக்கு வைத்தபோது மருமகள் முதலில் சொன்னது மாத்திரை நேரமல்ல.

"அக்கா, உங்க சம்பளம் நாளுக்கு அறுநூறு. அவர் கேட்டா அறுபதுன்னு சொல்லுங்க."

ஹோம் நர்ஸும் அப்படியே சொன்னாள். "அறுபதா? பரவால்லயே, எனக்கு நாப்பதுதான்" என்றார் அவர், கொஞ்சம் பொறாமையோடு.

சீட்டு உரித்த பெட்டிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு அவள் அறைக்குள் போனாள். மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. அவரை இடப்பக்கமாகப் புரட்டி, முதுகைத் துடைத்து, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்தாள். புரட்டும்போதெல்லாம் அவருக்குப் பேச்சு வரும். வலியை மறக்க அது நல்ல மருந்து என்பதால் அவளும் விட்டுவிடுவாள்.

"அந்தக் காலத்துல பத்து ரூபா இருந்தா பை நிறைய சாமான். நாப்பது சம்பளத்துல வீடு கட்டினேன், முன்னால ஒரு ரூமும் கட்டினேன். யாராவது பட்டினி கிடந்தாங்களா சொல்லு."

"நாங்க கிடந்தோம்."

"நீங்களா?"

"எங்கம்மா நாலு வீட்டுல துணி துவைச்சாங்க. விலை குறைவாத்தான் இருந்துச்சு ஐயா. அம்மா கூலியும் அதோட சேந்து குறைவா இருந்துச்சு. காலை மடக்குங்க."

காலை மடக்கினார். உடனே பேச்சை மாற்றினார். "இன்னைக்கு ஒரு வேலை முடிக்கப்போறேன். பையன் வந்து அசந்துபோவான். முன் ரூமை வித்துட்டேன்."

அவள் கை அவர் முழங்காலிலேயே நின்றது.

"ஃபேன்காரன்தான் வாங்குறான். நீ மருந்துக்கடைக்குப் போயிருந்தப்ப வந்தான். ஒன்னேகால் லட்சம். கட்டுனப்ப அதுல பாதிகூட ஆகல எனக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பேப்பரும் சாட்சியும் கொண்டுவர்றான். கையெழுத்துப் போட்டா அட்வான்ஸ்."

முன் அறையில் மின்விசிறியும் மோட்டாரும் பழுதுபார்க்கிறவன் வாடகைக்கு இருந்தான். அந்த அறை இன்றைக்குப் பன்னிரண்டரை லட்சத்துக்குக் குறையாது. அதன் வாடகையில்தான் பெரியவரின் மருந்து, அதன் வாடகையில்தான் அவள் சம்பளம். மகன் ஓட்டும் லாரியின் வருமானமும் மருமகளின் சம்பளமும் வீட்டு வாய்க்கும் வயிற்றுக்கும் சரியாக இருந்தன. அறை போனால் அடுத்த மாதம் பெரியவரைப் புரட்ட ஆள் கிடையாது. புரட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவள் வேறு வீடுகளில் பார்த்திருக்கிறாள்.

அவரை நிமிர்த்திப் படுக்கவைத்து, அடுப்படிக்குப் போய் மருமகளைப் போனில் கூப்பிட்டாள். மகன் எங்கோ நெடுஞ்சாலையில் இருந்தான், அவன் போன் எடுபடவில்லை.

"ஐயோ அக்கா, இன்னைக்கு ஆபீஸ்ல ஆடிட். ஏழு மணிக்கு முன்னால என்னை விடமாட்டாங்க. எப்படியாவது தடுங்க. ஆனா விலையை மட்டும் சொல்லிராதீங்க. திரும்ப மாத்திரையைத் துப்ப ஆரம்பிச்சா இந்தத் தடவை தாங்கமாட்டாரு."

ஆற்றில் தள்ளிவிட்டு நனையாமல் வா என்கிற கதைதான். அவள் போனை வைத்துவிட்டு, நேரே முன் அறைக்குப் போனாள். ஃபேன்காரன் ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றுவதை நிறுத்தாமலேயே பேசினான்.

"நான் ஒண்ணும் ஏமாத்தல சிஸ்டர். விலை அவர் வாயால சொன்னது. இத்தனை வருஷமா ஒரு சைபரை முழுங்குன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு? இந்த வீட்டு ஆளுங்க. நான் பெரியவங்க பேச்சைத் தட்டாதவன்."

"வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதப்பா."

"எரிஞ்சா குளிரக் குளிரக் காத்து விடத்தானே ஃபேன் வச்சிருக்கேன்."

அவனிடம் பேசிப் பயனில்லை. அவள் திரும்பி நடந்தபோது மணி மூன்றரை. சொன்னால் மருந்து நிற்கும், சொல்லாவிட்டால் மருந்து வாங்கும் காசு நிற்கும். நின்று யோசித்தாள். மருந்து நின்றால் மல்லுக்கட்டி ஊட்டலாம், மாவாக்கிக் கலந்து கொடுக்கலாம். போன அறையை எந்தக் கஞ்சியில் கலக்க முடியும்?

"ஐயா, உங்க முன் ரூம் விலை ஒன்னேகால் லட்சம் இல்ல. பன்னெண்டரை லட்சம்" என்றாள் கட்டிலருகே நின்று. "உங்களுக்கு நாங்க சொல்ற எல்லா விலையிலயும் ஒரு சைபர் குறைவு."

பெரியவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஃபேன்காரன் உனக்குக் கமிஷன் எதுவும் தரலியா? அதான் கலைக்கப் பாக்குறியா?"

"இல்ல ஐயா."

"கல்லாவுல உக்காந்தவன் நான். எங்கிட்டயே கணக்கா?"

அவள் வாதாடவில்லை. ஜன்னலைத் திறந்து எதிர்க்கடை டீ மாஸ்டரை ஒரு டீ கொண்டுவரச் சொன்னாள். அந்த வீட்டு டீக்கணக்கை மாதாமாதம் மருமகள் தீர்ப்பது வழக்கம். இன்று அலமாரியிலிருந்த பெரியவரின் பழைய பர்ஸை எடுத்து அவர் கையில் வைத்தாள். "நீங்களே குடுங்க."

டீ மாஸ்டர் கண்ணாடி கிளாஸோடு வந்தார். பெரியவர் பர்ஸைத் துழாவி ஒரு நாணயத்தை நீட்டினார். "ரெண்டு. மிச்சம் அரை குடு."

டீ மாஸ்டர் ஹோம் நர்ஸைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"பதினஞ்சு ஆகுது ஐயா."

"எத்தனை டீக்கு?"

"ஒண்ணுக்குத்தான்."

பெரியவரின் வலதுகை விரல்கள் கட்டில் கம்பியின் மேல் மெல்லத் தட்டத் தொடங்கின. கல்லா மேசையில் சில்லறை எண்ணுகிற தட்டல்.

"காப்பி?"

"இருபது."

"பன்னு?"

"பன்னெண்டு. வெண்ணெய் வச்சா இருபத்தஞ்சு."

"ரெண்டு முட்டை ஆம்லெட்?"

"அம்பது."

"அளவுச் சாப்பாடு?"

"நம்மகிட்ட இல்ல. பக்கத்துக் கடையில நூத்தி முப்பது." டீ மாஸ்டருக்கு ஏதோ குற்றவாளிக்கூண்டில் நிற்பதுபோல ஆகிவிட்டது. "நான் ஏத்தல ஐயா. பால்காரன் ஏத்துனான்."

டீ மாஸ்டர் காசுகூட வாங்காமல் போய்விட்டார். பெரியவர் டீயைத் தொடவில்லை. ஆடை படியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு? சைபரோட."

"அறுநூறு."

உதடுகள் அசைந்தன. விரல்கள் கம்பியில் ஓடி நின்றன. "நாப்பது டீ."

"என்ன ஐயா?"

"எனக்கு அப்ப நாப்பது சம்பளம். டீ ஒண்ணு ஒரு ரூபா. ஒரு நாள் கூலிக்கு நாப்பது டீ. இப்ப உனக்கு அறுநூறு, டீ பதினஞ்சு. உனக்கும் நாப்பதே டீ." பிறகு கேட்டார்: "அப்ப இத்தனை சைபரும் எங்கதான் போச்சு?"

அவளுக்குத் தெரிந்திருந்தால் அவள் ஏன் அடுத்தவர் வீட்டில் முதுகு துடைக்கிறாள்?

"இந்த மாத்திரை?" என்றார். சொன்னாள். "பிசியோதெரபின்னு நடக்கவைக்க வர்ற அந்தப் பையனுக்கு?" அதையும், அவனுக்கு இந்த மாதப் பணம் முன்கூட்டியே கொடுத்தாகிவிட்டதையும் சொன்னாள். கேட்கக் கேட்க முகம் இறுகியது. எல்லாம் கேட்டு முடித்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான்கு மணி மாத்திரையை வாயருகே கொண்டுபோனாள். பல் திறக்கவில்லை.

ஐந்து மணிக்கு ஃபேன்காரன் தலை வாரி, சட்டை மாற்றி, பேப்பரோடும் இரண்டு ஆட்களோடும் வந்தான். "பெரியவரே, பேனா கொண்டாந்திருக்கேன். நல்லா எழுதும்."

பெரியவர் திரும்பினார். "பேப்பரை வச்சுட்டுப் போ. காலைல வா."

"வாக்கு ஒண்ணுதானே?"

"நான் சொன்ன சொல் மாறமாட்டேன். ஒன்னேகால் லட்சம்னா ஒன்னேகால் லட்சம்."

ஹோம் நர்ஸ் பெரியவர் பக்கம் திரும்பினாள். தெரிந்த பிறகுமா? ஃபேன்காரன் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனான்.

ஏழு மணிக்கு மருமகள் வந்தாள். தொடப்படாத ரொட்டியும், தட்டில் அப்படியே கிடந்த மாத்திரைகளும் அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. நடையில் நின்று குரலைத் தணித்துத்தான் பேசினாள். ஆனால் தணிந்த குரல் கூரையைப் பிய்க்கும் குரலைவிடக் காரமாக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு சொன்னேன். அதைச் செய்யாதீங்கன்னு. ரூமும் போச்சு, மாத்திரையும் நின்னாச்சு. ரெண்டையும் சேத்துத் தொலைச்சாச்சுல்ல?"

"பாத்துட்டு நிக்க முடியல."

"நாளையிலருந்து நான் வேற ஆள் பாத்துக்கறேன் அக்கா."

ஹோம் நர்ஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாள், படுத்தாள். ஆனால் இரண்டு வேளை மாத்திரை தவறிய உடம்பு எப்படி இருக்கும் என்ற நினைப்பு அவளை விடவில்லை.

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு வந்துவிட்டாள். வேலை போனது அவளுக்குத்தான், மூத்திரப் பாத்திரத்துக்கு அது தெரியாது. மருமகள் கதவைத் திறந்தாள், ஒதுங்கி வழிவிட்டாள். பெரியவருக்குக் காய்ச்சல் இல்லை. துடைத்து, சட்டை மாற்றினாள்.

"சக்கர நாற்காலியில உக்கார வை. முன்னால போகணும்" என்றார்.

நடை வழியாகத் தள்ளிக்கொண்டு போனாள். ஃபேன்காரன் விளக்கைப் போட்டு, ஒரு மின்விசிறியைச் சுழலவிட்டு, சாட்சிகளோடு காத்திருந்தான். மடியிலிருந்த பேப்பரைப் பெரியவர் விரித்தார்.

"ஒன்னேகால் லட்சம்னு எழுதியிருக்க. சரியான விலை. ஆனா எந்தக் காலத்து விலை?"

"அதெல்லாம் எதுக்குங்க இப்ப?"

"நான் கல்லாவுல உக்காந்த காலத்து விலை. பழைய விலைக்குப் பழைய ரூம்தான் தருவேன். அன்னைக்கு இந்த ரூம்ல கரண்டு கிடையாது." அவர் தலையைத் திருப்பாமலேயே சொன்னார். "ஏம்மா, நடையில மெயின் போர்டுல இந்த ரூமோட ஃபியூஸ் கட்டையைப் புடுங்கு."

அவள் பின்னால் எட்டிக் கட்டையை உருவினாள். விளக்கு அணைந்தது. மின்விசிறி சுற்றிச் சுற்றித் தளர்ந்து நின்றது. இருட்டில் சாட்சி ஒருவன் இருமினான்.

"அன்னைக்குக் குழாயும் கிடையாது. அடைச்சுருவேன். ஷட்டர் கிடையாது, தகரக் கதவு. ஷட்டரைக் கழட்டிக்கிட்டுத் தகரம் அடிச்சுத் தர்றேன். வா, கையெழுத்துப் போடலாம்."

"கரண்டு இல்லாம நான் எப்படி ஃபேன் ரிப்பேர் பண்ணுவேன்?"

"அன்னைக்கு எல்லார்கிட்டயும் கை விசிறி இருந்துச்சு. ரிப்பேருக்கு வரல."

சாட்சிகளில் ஒருவன் சிரித்துவிட்டான். ஃபேன்காரன் அவனை முறைத்தான். பிறகு குரலில் எண்ணெய் தடவிக்கொண்டு, "வேணும்னா வேற விலை பேசலாம் பெரியவரே" என்றான்.

"வேற விலைக்கு விக்கிறதா நான் சொல்லவே இல்ல. சொன்ன விலைக்குச் சொன்ன ரூம். வேண்டாம்னா வாடகைக்கு இரு. வாடகை எவ்வளவு இப்ப? சைபரோட சொல்லு."

ஃபேன்காரன் சொன்னான். இருட்டில் அது முணுமுணுப்பாகத்தான் வந்தது. பெரியவர் இரண்டாம் தரம் சொல்லவைத்தார். பிறகு பேப்பரை நான்காகக் கிழித்து அவனிடமே கொடுத்தார். "கட்டையை மாட்டிரும்மா."

கைப்பையோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மருமகள் மாமனாரைப் பார்த்தாள், ஹோம் நர்ஸைப் பார்த்தாள். "நேரமாச்சு, கிளம்புறேன் அக்கா. மத்தியான மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம். மறந்துராதீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். ஹோம் நர்ஸ் நாற்காலியைத் திருப்பினாள்.

கட்டிலில் படுக்கவைத்த பின் காலை மாத்திரையை எடுத்து, பாதியாக உடைத்தாள். பல் மறுபடியும் கிட்டித்துவிடுமோ என்று தயங்கியபடியே நீட்டினாள்.

"என்ன விலை இது?"

முழு விலையைச் சொன்னாள். சைபரோடு.

"வாங்கினது வாங்கினதுதானே? திருப்பி எடுத்துக்கமாட்டானே?"

"மாட்டான்."

பெரியவர் வாயைத் திறந்து இரண்டு பாதிகளையும் வாங்கி விழுங்கினார். தண்ணீர் குடித்து முடித்தவர் படுக்கை விரிப்பைக் கூர்ந்து பார்த்தார். உடைத்தபோது ஒரு சிறு துணுக்கு அங்கே சிதறியிருந்தது. விரல் நுனியை நாக்கில் நனைத்து, அந்தத் துணுக்கை ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "அந்த நடக்கவைக்கிற பையன் எத்தனை மணிக்கு வருவான்?" என்று கேட்டார்.