என் கால்சட்டையும் அக்காவின் குகையும்

குகைக்குள் போக முதல் தகுதி ஒல்லியாக இருப்பதுதான் என்று மாமா சொன்ன அன்றே அந்த விளையாட்டின்மேல் எனக்கு வெறுப்பு வந்துவிட்டது. அப்போது எனக்குப் பதினொரு வயது. பார்க்கிறவர்கள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகிற உடம்பு. அக்காவுக்குப் பதினைந்து, ஜன்னல் கம்பிக்குள் நுழைந்துவிடுவாள் என்று அம்மா கவலைப்படுகிற உடம்பு.

மாமா அம்மாவின் தம்பி. பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. அங்கிருந்த வெள்ளைக்கார போர்மேன் ஒருவர், தங்கள் ஊரில் ஆட்கள் லீவு நாளில் குகைகளுக்குள் ஊர்ந்து போய்வருவார்கள் என்று சொல்லியிருக்கிறார். எதற்கு என்று மாமா கேட்டாராம். சும்மாதான் என்றாராம் அவர். அந்தச் சும்மா மாமாவைப் பிடித்துக்கொண்டது.

எடமலைப்பட்டி புதூரைத் தாண்டி ஒரு கரடு இருந்தது. பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, நடுவில் இருட்டாக ஒரு வாய். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும், மாமாவின் குவார்ட்டர்ஸுக்குப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு அங்கே போவோம். அக்கா பாவாடைக்குள் என் கால்சட்டையைப் போட்டு, சணல் கயிற்றால் இடுப்பில் இறுக்கியிருப்பாள். கரட்டடியில் பாவாடையைக் கழற்றி மடித்துவைப்பாள். தலையில் தேங்காய் நார் வைத்துச் சுற்றிய துண்டு, கையில் சைக்கிளிலிருந்து கழற்றிய கார்பைடு விளக்கு, அது அணைந்தால் ஏற்ற மெழுகுவத்தி. தனியாகப் போகக்கூடாது, எங்கே போகிறோம் என்று வீட்டில் சொல்லாமல் போகக்கூடாது, வெளியே ஒருவர் கயிறு பிடிக்க வேண்டும் என்று மாமா சட்டம் வைத்திருந்தார். இரண்டாவது சட்டத்தை அவரே மீறினார். மூன்றாவது சட்டம் நான்.

கிணற்றுக் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருப்பேன். மறு நுனி அக்காவின் இடுப்பில். அவள் பின்னால் மாமா. கால்சட்டை என்னுடையது, இருட்டு அவர்களுடையது. இதில் என்ன நியாயம் என்று நான் கேட்டதற்கு இருவரும் சிரித்தார்கள்.

மூன்றாவது வாரம் அக்கா முழங்கை தோலுரிந்து, தலையெல்லாம் வௌவால் புழுக்கையோடு வெளியே வந்தாள். அப்படியொரு முகத்தை அவளிடம் நான் பார்த்ததே இல்லை.

"மாமா, கடைசியில ஒரு இடுக்கு இருக்கு. உங்களால அதுவரைக்கும் வரமுடியாது. ஜில்லுன்னு மூஞ்சில அடிக்குது காத்து."

"காத்து வந்தா அந்தப் பக்கம் எடம் இருக்கும்மா. அடுத்த வாரம் பூந்து பாத்துரு."

"நானு?" என்றேன்.

"நீ கயித்த விட்டுட்டு ஓணானத் தொரத்தாம இருந்தா அதுவே பெரிய உபகாரம், மாப்ள."

அந்தச் சனிக்கிழமை, செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "சாமி, எங்க அக்கா பொய் சொல்லிட்டு, என் கால்சட்டையப் போட்டுக்கிட்டு குகைக்குப் போறா" என்றேன். தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது அவ பாவம். நீ உன்னோடதச் சொல்லு."

"என்னோடது ஒன்னும் இல்லீங்க சாமி."

எனக்குத்தான் அபராத ஜெபம் கிடைத்தது. அக்காவுக்கு ஒன்றுமில்லை. கொதித்துப்போய் வீடு திரும்பினேன்.

எங்கள் வீட்டில் மாலையில் ஜெபமாலை முடிந்ததும், ஆளுக்கொரு வேண்டுதல் சொல்ல வேண்டும். எல்லோரும் சேர்ந்து அதற்கொரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்வோம். அம்மா மழைக்காக வேண்டினாள். என் முறை வந்தது.

"நாளைக்குக் குகைக்குள்ள போறப்ப அக்காவுக்கு ஒன்னும் ஆகக்கூடாது. என் கால்சட்டையும் கிழியக்கூடாது."

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. ஜெபத்தை நடுவில் நிறுத்தும் வழக்கம் அவருக்கு இல்லை. எல்லோரும் முழந்தாளில் நின்றபடியே என் வேண்டுதலுக்காக ஜெபித்தோம். அக்காவும் ஜெபித்தாள். குரல் நடுங்கவில்லை. ஆமென் சொன்ன பிறகே அப்பா எழுந்தார்.

"வீட்டுல சொல்லாமப் போகக்கூடாதுன்னு மாமாதாம்ப்பா சொன்னாரு" என்றேன் முந்திக்கொண்டு.

பாறை சரியுமா, பாம்பு உண்டா என்று அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கால்சட்டையிலயா? யாரு யாரு பாத்தாங்க?" இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. மகள் உள்ளே நசுங்கியிருந்தால் அழுதிருப்பார். கால்சட்டையில் நசுங்கியிருந்தால் வெளியே சொல்லியிருக்க மாட்டார். அக்காவின் பள்ளிக்கூடம் அந்த வாரமே நின்றது. வரன் தேட ஆரம்பித்தார்கள். அதே குகைக்குப் போன என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நியாயத்தைப் பற்றி நான் அன்று யாரிடமும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வந்த மாமா என்னோடு பேசவில்லை. அக்காதான் சொன்னாள்: "இவனக் கூட்டிட்டுப் போங்க மாமா. அந்த இடுக்க இவனாவது பாத்துட்டு வரட்டும்."

மாமா தன் சிநேகிதர் ஒருவரிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு என்னை முன்னால் விட்டார். வயிற்றை எக்கி, அழாத குறையாக ஊர்ந்தேன். மாமா பாதியில் நின்றுவிட்டார். கடைசி இடுக்கில் முகத்தை வைத்தேன். அந்தப் பக்கத்திலிருந்து ஈரமண் வாசனையோடு குளிர்ந்த காற்று வந்தது. என் தோள் நுழையவில்லை. அக்காவாக இருந்தால் நுழைந்திருப்பாள். அந்த நினைப்பு வந்ததும் பழைய கோபமும் வந்துவிட்டது. அப்படியே பின்னால் ஊர்ந்து வந்தேன்.

வீட்டில் அக்கா அடுப்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"என்னடா இருக்கு அங்க?"

"ஒன்னுமில்ல. பாறதான். அடைச்சிருக்கு, காத்துகூட வரல."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு என் கையைத் திருப்பி, தோலுரிந்த முழங்கையில் தேங்காயெண்ணெய் தடவினாள்.

"எரியுதா?"

"இல்ல."

மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்தக் காற்று எனக்கு முன்பே அவள் முகத்தில் அடித்திருக்கிறது என்பது அந்த வயதில் என் புத்தியில் ஏறவில்லை.