சீடியில் கேட்ட இருமல்

நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள். யாரையும் பயமுறுத்த வேண்டிய தேவை எனக்கு இல்லை. ஆனால் இதில் ஒன்றையும் நான் கூட்டிச் சொல்லவில்லை. நாள், நேரம் எல்லாவற்றையும் அன்றன்றைக்கே எழுதி வைத்தேன். மருந்து கொடுத்த நேரத்தைக் குறிக்கிற அதே கொப்பியில், ஓரமாக.

என் பெயர் கிறேஸ். மன்னாரில் பிறந்தவள். மொன்றியலுக்கு வந்து பதினாறு வருடம். வீடுகளுக்குப் போய் வயதானவர்களைப் பராமரிப்பது என் வேலை. போன நவம்பரில் வில்லரே பகுதியில் ஒரு வீடு கிடைத்தது. மேல்மாடி. இங்கே பல வீடுகளில் இருப்பதுபோல வெளியே இரும்புப் படிகள். மொத்தம் பத்தொன்பது.

மிஸ்யூ லூசியனுக்கு எண்பத்தாறு வயது. மிஸ்யூ என்றால் பிரெஞ்சில் ஐயா. மூன்று வருடத்துக்கு முன் வந்த பாரிசவாதத்தில் வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மகள் எலேன் வேலை முடிந்து வர ஏழு மணியாகும். இரண்டிலிருந்து ஏழு வரை அந்த வீட்டில் அவரும் நானும் மட்டும்தான்.

முதல் நாளே எலேன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சீடி பிளேயரைக் காட்டினாள்.

"சரியாக ஐந்து மணிக்கு இதைப் போடு. அப்பா அமைதியாகிவிடுவார்."

உள்ளே கிரகோரியன் பாட்டுச் சீடி. துறவிகள் லத்தீனில் பாடும் மாலைச் செபம்.

"தொண்ணூறுகளில் எல்லார் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தது. தேவாலயம் பக்கமே போகாதவர்கள்தான் ஓடி ஓடி வாங்கினார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன்," என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனால் இவர்கள் அப்பாவின் ஆட்கள். இவர்களுடைய மடத்தில் அவர் பதினொரு வருடம் துறவியாக இருந்தார். அறுபத்தெட்டில் வெளியே வந்து அம்மாவைக் கட்டினார். பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை."

அந்தப் பாட்டில் என்ன இருக்கிறதோ, எனக்கும் பிடித்துப்போனது. மேளமில்லை, வாத்தியமில்லை. துறவிகள் இரண்டு பக்கமாக நின்று பாடுகிறார்கள். ஒரு பக்கம் ஒரு வரி. சின்ன மௌனம். மற்றப் பக்கம் அடுத்த வரி. ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்காரும். அதே பாட்டை யூடியூபில் தேடிப் பிடித்தேன். லட்சக்கணக்கான பேர் கேட்டிருந்தார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், நித்திரை வராதவர்கள், விவாகரத்தானவர்கள் எல்லாரும் கீழே நன்றி எழுதியிருந்தார்கள். என் கணவர் டனிஸ்ரன் சென்ட் லோரன்டில் வெயார்ஹவுசில் வேலை. அவரும் பிரேக் நேரத்தில் காதில் மாட்டிக்கொள்வார்.

"தலைக்குத் தண்ணி ஊத்தினமாதிரி இருக்கு, கிறேஸ்," என்பார்.

இரண்டு கிழமை ஒரு குறையும் இல்லை. எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள், எந்த இடத்தில் தாள் புரள்கிறது என்பதுகூட எனக்குப் பாடமாகிவிட்டது.

நவம்பர் 24, திங்கள். மாலை 5.17.

வரிக்கும் வரிக்கும் இடையில், அந்த மௌனத்தில்... ஒரு இருமல்.

வயதான ஆணின் இருமல். தூரத்தில்.

முன்பு கவனிக்காமல் விட்டிருப்பேன் என்று நினைத்தேன்.

செவ்வாய் 5.14. மறுபடி அதே இருமல். கொஞ்சம் கிட்ட.

புதன் 5.12. உட்காரும் மர வாங்கு கிரீச்சிட்டது. யாரோ எழும்புகிறார்கள். பிறகு இருமல். மிஸ்யூ லூசியன் கண்ணை அகலத் திறந்தார். பொத்தானை அமுக்கிப் பாட்டை நிறுத்திவிட்டேன்.

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் யூடியூபில் அதே இடத்தைப் போட்டுக் கேட்டேன். மூன்று தடவை.

இருமல் இல்லை. வாங்குச் சத்தமும் இல்லை.

வியாழன், கல் தரையில் செருப்புச் சத்தம். ஒரு தடி ஊன்றும் சத்தம். டக்... சரக்... டக்... சரக். நிறுத்தினேன்.

வெள்ளி, ஒரு பாரமான கதவு முனகித் திறந்தது. திறந்தவுடன் காற்றுச் சத்தம். நிறுத்தினேன்.

நிறுத்தியதும் மிஸ்யூ லூசியன் அழுதார். சத்தமில்லை. கண்ணீர் மட்டும் காதுப் பக்கமாக ஓடியது.

இரவு டனிஸ்ரனிடம் சொன்னேன்.

"சீடிக்குள்ள ஆரோ நடக்கிறாங்கள்."

"பழைய சீடி. கீறல் விழுந்திருக்கும்."

"கீறல் தடி ஊண்டி நடக்குமோ?"

அவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார்.

"பயமெண்டா நீர் வேலையை விட்டுவிடும்."

விட்டிருக்கலாம். ஆனால் நத்தார்ப் பண்டிகை நெருங்குகிற நேரம் எலேனுக்கு வேறு ஆள் கிடைக்காது. அந்த மனுசனை ஐந்து மணித்தியாலம் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. பாட்டைப் போடாமல் விட்டாலும் சரிவரவில்லை. ஐந்து மணி அடித்தால் இடக்கையால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

டிசம்பர் 1, திங்கள். நாலேகாலுக்கே இருட்டிவிட்டது. சரியாக ஐந்துக்குப் போட்டேன். 5.09க்கு அந்த நடை கேட்டது. இப்போது கல்லில் இல்லை.

பனியில்.

நறுக்... நறுக்... நறுக்...

இருமல் இல்லை. தடியும் இல்லை. நடை வேகமாக இருந்தது. இளம் ஆள் நடப்பதுபோல.

நிறுத்தினேன்.

செவ்வாய் 5.08. இரும்பில் கால் வைக்கும் சத்தம். ணங். ஒரு இடைவெளி. ணங். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். தினமும் நானே போடுகிற சத்தம். ஏழு எண்ணினேன். நிறுத்தினேன்.

ஓடிப்போய் ஜன்னலால் பார்த்தேன். படியில் பனி அப்படியே கிடந்தது. ஒரு தடமும் இல்லை.

புதன் 5.06. ஒன்று, இரண்டு, மூன்று... பதினேழு, பதினெட்டு...

நிறுத்தினேன்.

மிஸ்யூ லூசியன் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமுடியாது. கோபமில்லை. கெஞ்சல். அவருடைய வாய் ஏதோ சொல்லப் பார்த்தது. வெறும் காற்றுத்தான் வந்தது.

வியாழன். டிசம்பர் 4.

5.00. போட்டேன். ஒரு முடிவோடுதான் போட்டேன். என்ன வந்தாலும் இன்றைக்கு நிறுத்தப்போவதில்லை. அந்த மனுசனை இனி அழவைக்கக்கூடாது.

5.05. பத்தொன்பதாவது படி.

பிறகு காலைத் தட்டிப் பனி உதறும் சத்தம். டொக். டொக்.

அது ஸ்பீக்கரில் கேட்கவில்லை.

வாசலில் கேட்டது.

கதவு பூட்டியிருந்தது. நானே பூட்டினேன். அது திறந்த சத்தம் கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்குள், நடைபாதையில் பலகை அமுங்கியது. ஒன்று... இன்னொன்று...

என் கை தன்பாட்டில் பொத்தானுக்குப் போனது.

மிஸ்யூ லூசியன் இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

இறுக்கி.

அறைக்குள் ஈரக் கம்பளி மணம். மெழுகுதிரி மணம்.

கட்டிலுக்கு மறுபக்கம் இருந்த கதிரை, யாரோ உட்கார்ந்ததுபோல முனகியது.

நான் நிமிரவில்லை. போர்வையின் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீடியில் ஒரு பக்கம் பாடி முடித்தது. மௌனம். மற்றப் பக்கம் பாடவேண்டும்.

பாடவில்லை.

மிஸ்யூ லூசியன் பாடினார்.

மூன்று வருடம் பேசாத மனுசன். லத்தீனில். ஒரு எழுத்து பிசகாமல்.

கதிரையிலிருந்து இன்னொரு குரல் அவரோடு சேர்ந்தது.

மெதுவான குரல். மிகவும் கிட்ட. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது...

அருள் நிறைந்த மரியாயே செபம் சொல்லத் தொடங்கினேன். பாதியில் மறந்துபோனது.

5.31. பாட்டு முடிந்தது.

என் மணிக்கட்டில் இருந்த பிடி தளர்ந்தது.

நிமிர்ந்தேன். கதிரை வெறுமை. மிஸ்யூ லூசியன் போய்விட்டார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. ஆனால் அவருடைய வலக்கை, மூன்று வருடமாக ஒரு விரலும் அசையாத கை, கதிரைப் பக்கமாக நீண்டு, யாருடைய கையையோ பிடித்திருப்பதுபோல மூடியிருந்தது.

நடைபாதையில் ஈரத் தடங்கள். செருப்புத் தடங்கள். வாசலிலிருந்து கட்டில் வரை வந்திருந்தன.

திரும்பிப் போன தடம் இல்லை.

தை மாதம் எலேன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு கடித உறை. அப்பாவின் மரணச் செய்தியை மடத்துக்கு எழுதியிருந்தாளாம். நோயாளிகளைப் பார்க்கும் துறவி பதில் போட்டிருந்தார்.

"சகோதரர் ஒடிலோ என்று ஒருவர். பாடும்போது பதினொரு வருடம் அப்பாவுக்குப் பக்கத்து இடம் அவருடையது. அப்பா மடத்தை விட்டுப் போன பிறகு, அப்பா நின்ற இடத்தில் யாரையும் நிற்க விடமாட்டாராம். இரண்டு வருடமாகப் படுக்கை. நடக்கவே முடியாது. ஆனால் கடைசிக் கிழமை, புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் மாலைச் செபம் முடிந்ததும், 'இன்றைக்கும் லூசியனிடம் போகப் புறப்பட்டேன், அந்தப் பெண் நிறுத்திவிட்டாள்' என்று சொன்னாராம்."

கொப்பியை எடுத்துவந்து பிரித்தேன்.

"எப்ப செத்தவர்?" என்று கேட்டேன். தமிழில் கேட்டுவிட்டேன். பிறகு பிரெஞ்சில் கேட்டேன்.

"டிசம்பர் முதலாம் தேதி. பின்னேரம் நாலு நாற்பதுக்கு."

திங்கட்கிழமை. பனியில் நடை கேட்பதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன்.

எலேன் உறைக்குள்ளிருந்து ஒரு சின்னக் காகிதத் துண்டை எடுத்தாள். அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் ஏதோ சொல்கிறாள், அது என்ன பாஷை என்று ஒடிலோ கேட்டாராம். பதில் எழுதிய துறவி, ஒடிலோ சொல்லிக் காட்டியதைக் காதில் விழுந்தபடி பிரெஞ்சு எழுத்தில் குறித்து வைத்திருக்கிறார்.

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. டனிஸ்ரனுக்கும் இல்லை. கொப்பியிலும் எழுதவில்லை. பொத்தானை அமுக்கும்போதெல்லாம், எனக்கே கேட்காத அளவுக்கு, வாய்க்குள் ஒரு சொல் சொல்வேன்.

துண்டை வாங்கி வாசித்தேன்.

"போதும். போதும்."