அம்புக்குறி போட்ட கடிகாரமும் சலீம் நானாவும்

கண்டியில் சுற்றுலாப் பயணிகளுக்குப் பழைய சாமான் விற்பவர்கள் பொய்யையும் சேர்த்தே விற்கிறார்கள். சலீம் நானாவும் விற்றார். அவர் போன பிறகு தைரியம் வந்து நான் இதை எழுதவில்லை. முதல் நாளே அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். "ஓ, உண்மதான். டீ குடிப்பீங்களா தங்கச்சி?" என்று கேட்டார்.

போன வாரம் குண்டசாலையிலிருந்து நகரத்துக்கு வரும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய மகன் இஃப்ஹாம் அழைத்தான். "அக்கா, வாப்பா மௌத்தாகிட்டார். சுபஹ் தொழுதிட்டு சாஞ்சவர்தான். அஸர் தொழுகைக்கு முந்தி அடக்க எடுக்கிறோம்." கண்டக்டர் முன்னால் போகச் சொல்லி எல்லோரையும் தள்ளிக்கொண்டிருந்தார். நானா இறந்துவிட்டார் என்பது பிடிபடாமல் இஃப்ஹாமை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அவனும் சொன்னான். பிறகு, நான் கேட்காமலே, "மணிக்கூடு கடைக் கண்ணாடிப் பெட்டியிலதான் இருக்கு. நாங்க தொடல்ல" என்றான்.

அந்த மணிக்கூட்டின் கதை தெரியாமல் சலீம் நானாவைத் தெரியும் என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. உங்களில் பலர் அவரிடம் பித்தளை விளக்கு வாங்கியிருப்பீர்கள், விலை பேசிச் சண்டை போட்டிருப்பீர்கள். நான் அவரை அம்பலப்படுத்தத்தான் போனேன். பழைய சாமான் கடைகளின் பித்தலாட்டம் பற்றி ஒரு கட்டுரை எழுதும் எண்ணம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சட்டைப் பைக் கடிகாரம் இருந்தது. பக்கத்தில் ஒரு அட்டை: பிரித்தானியப் படை அதிகாரியின் கடிகாரம், இரண்டாம் உலகப் போர்.

"எந்த அதிகாரி? பேர் என்ன?" என்று கேட்டேன்.

"பேர் வேணுமென்டா நீங்களே ஒண்டு வையுங்க. நான் எழுதிப் போடுறன்."

அப்போதுதான் பொய்யர் என்றேன். அப்போதுதான் டீ வந்தது.

கடிகாரத்தை எடுத்துக் காட்டினார். பின்புற மூடியில் ஒரு சிறிய அம்புக்குறி, அதன் கீழே ஒரு இலக்கம். அரசாங்கச் சொத்து என்பதற்கு அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் போட்ட அடையாளம் அது. அந்த அம்பு இருந்தால் விலை ஏறும் என்றார். சாவி கொடுக்கும் குமிழின் பற்களுக்கிடையில் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது. "இது ரெத்தம். சண்டையில பட்டது. வெள்ளைக்காரங்க இதைப் பாத்தா ஒரு நிமிஷம் பேசமாட்டாங்க" என்றார்.

நான் குண்டூசியால் கொஞ்சம் சுரண்டி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். "ரத்தம்னா கறுத்துப் போயிருக்கும் நானா. இது குங்குமம்."

முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் சரஸ்வதி பூசையன்று அப்பாவின் சுத்தியல், அம்மாவின் தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். அடுத்த வருடம் வரைக்கும் இடுக்குகளில் இப்படித்தான் சிவந்து கிடக்கும். எந்தத் துரையும் தன் கடிகாரத்துக்குப் பொட்டு வைத்திருக்க மாட்டான். சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். கடிகாரத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் ஒரு மனுசன் கும்பிட்ட சாமான நான் ரெத்தம் என்டு காட்டிட்டு இருந்திருக்கன்."

அட்டையை எடுத்து இரண்டாக மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். கட்டுரை எழுத வந்த எனக்கு அந்த நிமிடத்தில் அந்த எண்ணமே போய்விட்டது.

தெல்தெனியப் பக்கம் பழைய பித்தளை வாங்கித் திரிந்த ஒருவரிடமிருந்து தன் வாப்பா அதை வாங்கினார் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். அடுத்த ஞாயிறே என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். போகும் வழியில் கண்டிப்பாகச் சொன்னார்: "சாமானக் காட்டிக் கேக்காதீங்க. காட்டினா எல்லாரும் தங்கட என்டுதான் சொல்லுவாங்க. காட்டாமக் கேளுங்க. சொந்தக்காரன் காணாமலே சொல்லுவான்."

தெல்தெனிய பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு திரீவீலின் கண்ணாடிக்குக் கீழே முருகன் படம் இருந்தது. உலகப் போர்க்காலத்தில் படையில் லொறி ஓட்டிய தமிழர் யாரும் இந்தப் பக்கம் இருந்தார்களா என்று அதன் சாரதியிடம் கேட்டோம். படை முகாம்களில் நம் ஆட்களில் சிலர் சாரதிகளாக இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். லொறி ஓட்டியவர்தான் கருவிக்குப் பொட்டு வைத்திருப்பார் என்பது என் ஊகம்.

"பட்டாளத்தார் வீட்டக் கேக்குறீங்களா?" என்றார் அவர். "பேரு மட்டுந்தாங்க பட்டாளம். துப்பாக்கி எல்லாம் கெடையாது. தையக்காரம்மா இருக்காங்க, ஊசிதான் வச்சிருக்காங்க. ஏறுங்க."

பாக்கியம் அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். வீட்டின் முன்னறையில் பாடசாலைச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். தாத்தா வேலு படையில் லொறி ஓட்டினார் என்பதை அவரே சொன்னார். அவர் ஏதாவது கொண்டு வந்தாரா என்று நானா கேட்டார். தையல் மெஷின் நின்றது.

"ஒரு மணிக்கூடு இருந்துச்சி. மேல் வளையம் ஒடஞ்சி செப்புக் கம்பி போட்டுக் கட்டியிருப்பாரு. ஏன், யாரு நீங்க?"

நானாவின் பைக்குள் இருந்த கடிகாரத்தில் செப்புக் கம்பி வளையம்தான் இருந்தது. அவர் அதை இன்னும் வெளியே எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

மீதியைப் பாக்கியம் அக்கா மெதுவாகச் சொன்னார். போர் முடிந்து துரைமார் புறப்பட்டபோது ஒருவர் வேலுவின் கையில் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். துண்டுக் காகிதம்கூடக் கொடுக்கவில்லை. வேலு தேயிலைத் தோட்டத்துக்கு லொறி ஓட்ட வந்தார். "லொறி தோட்டத்துது. ஸ்பேனர் தோட்டத்துது. அவருக்குன்னு இருந்தது மணிக்கூடு மட்டுந்தான். சரஸ்வதி பூசைக்கு அதுக்குத்தான் பொட்டு வப்பாரு." பிறகு நாடு சுதந்திரம் அடைந்தது; எங்கள் மலையகத் தமிழ் மக்களின் பிரசாவுரிமை போனது. இந்த நாட்டுக்காரர் என்று நிரூபியுங்கள் என்றார்கள். வேலு கடிகாரத்தை எடுத்துக்கொண்டு கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்துக்குப் போனார். ராசாவின் படையில் இருந்தவன் நான், இதோ அடையாளம் என்று மேசையில் வைத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதைத் திருப்பிப் பார்த்தார். "இந்த அம்பு அரசாங்கச் சொத்து என்று சொல்கிறது. எங்கே திருடினாய்? பொலிசைக் கூப்பிடுவதற்குள் எடுத்துக்கொண்டு ஓடு" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

துரையின் பைக்குள் இருந்தால் அந்த அம்பு விலை. வேலுவின் கையில் இருந்தால் அது களவு. என்னால் இதை ஆத்திரமில்லாமல் எழுத முடியவில்லை, எழுதவும் விரும்பவில்லை.

"சாகிற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. நான் திருடல்ல, குடுத்தாங்கன்னு. அப்பறம் எங்க அப்பா அதப் பித்தளக்காரர்கிட்ட போட்டுட்டாரு. யாராவது தேடிக்கிட்டு வந்துருவாங்கன்னு பயம்" என்றார் பாக்கியம் அக்கா.

நானா கடிகாரத்தை எடுத்து மெஷின் பலகையில் வைத்தார். "இது உங்கடது தங்கச்சி. எனக்கு ஒண்டும் வேணாம்."

பாக்கியம் அக்கா அதைப் பார்த்தார். கை நீட்டவில்லை. "திருட்டு சாமான்னு சொன்னத வீட்டுக்குள்ள எடுக்க மாட்டேன். எங்க தாத்தா திருடல்லன்னு எழுதி வாங்கிட்டு வாங்க நானா. அன்னைக்கி வாங்கிக்கிறேன்."

நான் வாதாடப் போனேன். நானா என் கையை அழுத்தி நிறுத்தினார். "அவங்க கேக்கிறது நியாயம்" என்றார்.

கடிகாரம் திரும்பக் கண்ணாடிப் பெட்டிக்கு வந்தது. புதிய அட்டையை அவர் சொல்லச் சொல்ல மூன்று மொழியிலும் நான் எழுதினேன்: லொறிச் சாரதி வேலுவின் கடிகாரம், விற்பனைக்கு அல்ல. ஒரு சுற்றுலா வழிகாட்டி இதனால் அவரோடு பேசுவதையே விட்டுவிட்டான். அவன் கூட்டிவந்த வெள்ளைக்காரர் கேட்ட விலைக்கு வாங்கத் தயாராக நின்றார். "உங்களுக்குப் பைத்தியமா?" என்று அவன் கத்தினான். "தெரியாதப்ப பொய் சொன்னன். தெரிஞ்ச பொறகு சொல்ல ஏலா" என்றார் நானா. அவர் ஒரே நாளில் உத்தமராகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். பக்கத்துத் தட்டில் இருந்த பித்தளைத் தொலைநோக்கி கடைசி வரை யாரோ ஒரு கப்பல் தலைவனுடையதாகவே இருந்தது.

பிரித்தானியப் பதிவகம் ஒன்றுக்குக் கடிகாரத்தின் இலக்கத்தோடு எழுதினோம். உங்கள் கோரிக்கை கிடைத்தது என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. மறுபடியும் எழுதினோம். நான் சலித்துப்போய், "அவங்ககிட்ட ஆதாரமே இருக்காது நானா, விடுங்க" என்றேன். அவர் அன்று சொன்னது இது:

"கள்ளன் என்டு சொன்னவன்ட கையில ஆதாரம் இருந்ததா? ஆதாரம் இல்லாம கள்ளன் என்டு சொல்ல ஏலும் என்டா, ஆதாரம் இல்லாம கள்ளன் இல்ல என்டு சொல்லவும் ஏலும்தானே? நாங்க பிழையான இடத்துக்கு எழுதிட்டு இருக்கிறம். வெள்ளைக்காரனை விடுங்க. இங்க உள்ளவனக் கேளுங்க."

அதற்குப் பிறகு எங்கள் கடிதங்கள் இந்த ஊர் அலுவலகத்துக்கே, வேலு போன அந்தக் கச்சேரிக்கே, போயின. நேரிலும் போனோம். இந்தப் பிரிவு இல்லை என்றார்கள், அடுத்த மாடி என்றார்கள், அந்தக் காலத்து விஷயம் எதற்கு என்றார்கள். முழங்கால் வலியோடு அவர் அந்தப் படிகளில் ஏறுவார். தன் குடும்பத்துக்காக அல்ல, தன் சமயத்து ஆளுக்காகவும் அல்ல. எங்கள் கட்சிக்காரர்கள் யாரும் எங்களுக்காக அப்படி ஒரு படி ஏறி நான் பார்த்ததில்லை.

ஜனாஸா அன்று நான் வீட்டில் பெண்களோடு இருந்தேன். பாக்கியம் அக்கா தெல்தெனியவிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். மையவாடியில் அடக்கம் முடித்துத் திரும்பிய இஃப்ஹாம் கடிகாரத்தைக் கொண்டு வந்து அவரிடம் நீட்டி, "வாப்பாட பேரால இதக் கொண்டு போங்க அக்கா" என்றான். அவர் அவனுடைய தலையைத் தொட்டார். கடிகாரத்தைத் தொடவில்லை. "பதில் வந்துருச்சா தம்பி?" என்று மட்டும் கேட்டார். இஃப்ஹாம் என்னைப் பார்த்தான்.

கடிகாரம் இப்போதும் கடையில்தான் இருக்கிறது. அட்டையை மாற்றப் போவதில்லை என்கிறான் இஃப்ஹாம், அவனை நம்புகிறேன். நானாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, பாக்கியம் அக்காவுக்காக அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த கோரிக்கையைத்தான். அவர் ஏறிய படிகளில் திங்கட்கிழமை நான் ஏறினேன். இந்தப் பிரிவு இல்லை என்றார்கள். ஆகவே அவரை அறிந்தவர்கள் முன்னிலையில், அந்த மேசைக்கு அந்தப் பக்கம் இப்போது யார் உட்கார்ந்திருந்தாலும் அவரிடம், இன்னொரு முறை கேட்கிறேன்:

லொறிச் சாரதி வேலு திருடவில்லை என்று எழுதிக் கொடுங்கள்.