ரிலேயில் செருகிய அட்டை

ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அறையில் பதினேழு வருடம் வேலை பார்த்த அவருக்கு 'அரைமணி' என்று பெயர் வைத்தவர்கள் உடன் வேலை செய்தவர்கள்தான். மோட்டார் நின்றுபோய், உடனே திரும்பப் போடு என்று யார் கத்தினாலும், "அரைமணி ஆகட்டும் சார்" என்பார்.

"வீட்டுல சண்டைன்னாலும் அரைமணி ஆறவிட்டுத்தான் அடுத்த ரவுண்டா அண்ணே?" என்று சிரிப்பார்கள்.

"அங்க நான் ஸ்டார்ட் பண்றதே இல்லப்பா."

அவர் சொன்னது மந்திரமல்ல, இயற்பியல். நின்ற மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைவிட ஆறு மடங்கு மின்சாரம் இழுக்கிறது. அந்தச் சூடு உள்ளே சுருளில் தங்குகிறது. ஓடினால் அதன் விசிறியே ஆற்றிவிடும். நின்றுவிட்டால் அதுவும் இல்லை. ஆறிய மோட்டாரை அடுத்தடுத்து இரண்டு முறை கிளப்பலாம், சூடாக இருந்தால் ஒரே முறை, பிறகு அரைமணி பொறுக்க வேண்டும் என்று மோட்டாரோடு வந்த புத்தகத்தில் இருந்தது. எட்டாவதோடு படிப்பை விட்டவர் அந்த ஆங்கிலப் பக்கத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். பட்டம் பெற்ற அதிகாரிகள் புத்தகத்தின் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

பதினேழு வருடமும் தற்காலிக ஊழியர். அந்தக் கோடையில்தான் நிரந்தரமாக்கும் பட்டியலில் முதல் முறையாக அவர் பெயர் ஏறியது. கையெழுத்துப் போட வேண்டியவர் உதவிப் பொறியாளர்.

ஒரு பிற்பகலில் மின்சாரம் விட்டுவிட்டு வந்தது. காலையிலிருந்து ஓடிய மோட்டார் நின்றது. அவர் ஒருமுறை கிளப்பினார். வேகம் பிடிப்பதற்குள் மறுபடி நின்றது. அப்போதுதான் உதவிப் பொறியாளர் போனும் கையுமாகப் படியிறங்கி வந்தார்.

"என்னய்யா வேடிக்கை? போடு."

"சூட்டுல ஒரு தடவை போட்டாச்சு சார். இனி அரைமணி ஆகட்டும்."

அதிகாரி மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தார். "தொட்டுப் பாரு, கை வெக்க முடியுது. இதுவா சூடு?"

"வெளிய அப்படித்தான் சார் இருக்கும். உள்ள சுருள் கொதிக்கும். அது வெளிய தெரியுறதுக்குள்ள காரியம் கெட்டுரும்."

"எனக்கே பாடம் எடுக்குறியா? மேலிடத்துலேருந்து போன் மேல போன். பட்டியல்ல உன் பேர் இருக்கணுமா, வேண்டாமா?"

அவர் பொத்தானை அழுத்தினார். மோட்டார் உறுமிப் பாதி வேகத்தில் நின்றது. இந்த முறை மின்சாரம் போகவில்லை. சூட்டைக் கண்டு பாதுகாப்பு ரிலே தானே துண்டித்திருந்தது. அவர் வாயால் சொன்னதை இயந்திரமும் ஒருமுறை சொல்லிவிட்டது.

"ஒரு அட்டைய மடிச்சு அதுல சொருகிட்டுப் போடு. எல்லாரும் செய்யறதுதான்."

தீப்பெட்டி அட்டையைக் கிழித்து, இரண்டாக மடித்து, ரிலே அசையாதபடி செருகினார். அம்மீட்டர் முள் கடைசிக்கோடு வரை போய் அங்கேயே நின்றது. பிறகு சுருள் மேல் பூசிய வார்னிஷ் கருகும் நாற்றம். பிறகு புகை.

சுருளை மாற்றிக் கட்டப் பதினொரு நாள் ஆனது. அவர் தெருவிலும் குழாய் காய்ந்தது. லாரித் தண்ணீருக்கு நின்ற வரிசையில் ஒருத்தி, "உங்க வீட்டுக்காரர் கை பட்டா எதுவும் விளங்காது போல" என்றாள். இன்னொருத்தி, "நேரம் சரியில்ல, விடு" என்றாள். அவர் மனைவி குடத்தைக் கீழே வைத்தாள்.

"விளங்காதது அவர் கை இல்லடி, பக்கத்துல நின்ன வாய். நேரத்து மேல எதுக்குப் பழி? நேரமா வந்து 'போடு'ன்னு சொல்லிச்சு?"

விசாரணையில் கேட்டது இரண்டே கேள்விகள். பொத்தானை அழுத்தியது யார்? அட்டையைச் செருகியது யார்?

"நான்தான் சார். ஆனா சார்தான்..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

மோட்டார் பதிவேட்டில் நேரத்துக்குக் கட்டம் உண்டு, வோல்டேஜுக்கு உண்டு. யார் உத்தரவு என்று எழுதக் கட்டம் இல்லை. அதை அச்சடித்தவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நம்ப நான் தயாரில்லை. உதவிப் பொறியாளர் எதிரே உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். 'அரைமணி'க்கு வேலைநீக்க உத்தரவு அதே வாரம் வந்தது.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். மனைவி சங்க அலுவலகத்துக்கு அலைந்து மனு எழுதி வாங்கி வந்தாள். 'நான் மறுத்தேன், வற்புறுத்தப்பட்டேன்' என்றிருந்தது.

"கையெழுத்துப் போடுங்க."

அவர் இரண்டு முறை படித்தார். "மறுத்தேன்னு இருக்கே. நான் சொன்னேன், அவ்வளவுதான். மறுத்தவன் அட்டைய மடிச்சிருப்பானா?"

"பதினேழு வருஷம் காக்க வெச்சுட்டுக் கழுத்துல கத்தி வெச்சா யாரா இருந்தாலும் மடிப்பாங்கங்க. நீங்க விரும்பிச் செஞ்சதா அது?"

"தெரிஞ்சு செஞ்சதுடி. தெரியாதவன் அவர்."

குற்றம் செய்தவனுக்கு உறுத்தவில்லை. உண்மை தெரிந்தவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அநியாயத்துக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. முப்பதாம் நாள் மாலை ஐந்து மணிக்கு மேல்முறையீட்டு அலுவலகம் மூடியது. மனு கையெழுத்தில்லாமல் அலமாரி மேல் கிடந்தது. மறுநாள் விடிந்ததும் அவர் காய்கறிச் சந்தைக்கு மூட்டை இறக்கப் போனார்.