கழுகுக்கண்ணும் தலையணை நிழலும்

பவுடர் அக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் இருபது வருடமாக ஊரார் முகத்துக்கெல்லாம் பூச்சு வேலை பார்ப்பவள். அவள் அழித்த பருக்களை ஒரே இடத்தில் கொட்டினால் குன்றே எழும்பும். தங்கள் படத்தையே வேறு ஆளுடையது என்று மூன்று பேர் திருப்பிக் கொடுத்ததும் சத்தியமாக நடந்ததுதான்.

ஒருமுறை யாரோ ஒரு கிழவரின் கண் சிகிச்சைக்கென்று இணையத்தில் பணம் போட்டாள். அடுத்த வாரம் அதே கிழவர் வேறு பெயரில் சிறுநீரகம் கேட்டு வந்தார். அன்றிலிருந்து இணையத்தில் 'கழுகுக்கண்' என்று பெயர் வைத்துக்கொண்டு, நன்கொடை கேட்கும் படங்களைப் பெரிதாக்கிப் பொய்யைப் பிடிப்பதே வேலையாயிற்று. அவள் சரி என்றால்தான் பலர் பர்ஸைத் திறந்தார்கள்.

திங்கட்கிழமை ஒரு படம் வந்தது. இதய ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் ஐந்து வயதுப் பெண் குழந்தை. பெரிதாக்கினாள். தலையணைக்கு நிழலே இல்லை. "ஒட்டு வேலை. யாரும் ஏமாறாதீங்க" என்று எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனாள்.

மறுநாள் காலை, கடை திறந்ததும் ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா, என்னை ஞாபகம் இருக்கா? போன மாசம் என் பொண்ணு படத்துல பக்கத்துக் கட்டில் அம்மாவை அழிச்சுக் குடுத்தீங்களே. தன் முகம் வெளிய வரக்கூடாதுன்னு அந்தம்மா கெஞ்சுனாங்கன்னு சொன்னேனே..."

பவுடர் அக்கா நேற்றைய படத்தைத் திரையில் மறுபடி திறந்தாள். தினம் நாற்பது முகம். எதை நினைவில் வைப்பாள்? பக்கத்துக் கட்டிலோடு சேர்த்துக் குழந்தையின் தலையணை நிழலையும் துடைத்தது அவள் கைதான்.

"எவனோ கழுகுக்கண்ணாம், பொய்னு எழுதிட்டான். நேத்துலேருந்து ஒருத்தரும் பணம் போடலை. நாளைக்குள்ள கட்டலைன்னா ஆபரேஷன் தேதி போயிடும். நீங்கதான் அழிச்சீங்கன்னு ஒரு வார்த்தை எழுதுங்கக்கா. அவன் நாசமாப் போக!"

"அவன் இல்லம்மா." திரையை அவள் பக்கம் திருப்பினாள். "அது நான்தான்."

அடி விழப்போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். விழவில்லை.

"அப்போ நீங்க சொன்னா நம்புவாங்கல்ல? எழுதுங்க. சீக்கிரம்."

எழுதினாள். பக்கத்துக் கட்டில் முகத்தை மட்டும் மறைத்து அசல் படத்தையும் போட்டாள். முதல் பதில் வந்தது: "இதுவும் ஒட்டு வேலைதான். எவ்வளவு வாங்குன?" அவள் சொல்லிக்கொடுத்த பாடம் அவள் மேலேயே பாய்ந்தது.

கடையைப் பூட்டினாள். தாயோடு ஆஸ்பத்திரிப் படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். நேரலையை ஓடவிட்டுப் போனைக் குழந்தைக்கு எதிரே பிடித்தாள்.

"அத்தை, நீங்க எல்லாத்தையும் அழிப்பீங்களாமே, அம்மா சொன்னாங்க. என் மூக்கு ட்யூபை அழிச்சிடுவீங்களா?"

"மாட்டேண்டா கண்ணு. இன்னிக்கு ஒண்ணையும் அழிக்க மாட்டேன்."

பார்ப்பவர்கள் ஏழு பேர். பிறகு எழுபது. தாயின் போனில், சேர்ந்த பணத்தைக் காட்டும் நன்கொடைக் கோடு எறும்பு போல ஒரு அடி நகர்ந்தது. பிறகு இன்னொரு அடி. பவுடர் அக்காவின் தோள் மரத்துப்போயிற்று. கையை மட்டும் இறக்கவில்லை. இறக்கினால் கோடு நின்றுவிடுமோ என்ற பயம்.