அலுமாரிக்கு மேலே இருந்த போன்

எங்கள் வீட்டில் போன் பேசுவதென்றால் கதிரையில் ஏறி நிற்க வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கொழும்பில் கதிரையில் இருந்துகொண்டு பேசினார்கள், நாங்கள் அதே கதிரையின் மேல் நின்றுகொண்டு பேசினோம், வித்தியாசம் அவ்வளவுதான். நிலாவெளிக்கு வடக்கே, கடற்கரை வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. போனுக்கான டவரோ திருகோணமலைப் பட்டினத்தில். இடையிலுள்ள மேட்டையும் பனங்கூடலையும் தாண்டி வருகிற சிக்னல், எங்கள் ஒழுங்கைக்கு வந்து சேரும்போது களைத்துப் போய்விடும்.

போனை வாங்கி வந்தவன் என் தம்பி. ‘சீடிஎம்ஏ போன்’ என்று எல்லோரும் சொன்ன வகை அது. பார்வைக்குப் பாங்கு, கந்தோர் மேசைகளில் இருக்கிற போன் மாதிரியே இருக்கும். ரிசீவர், சுருட்டை வயர், இலக்கப் பொத்தான்கள் எல்லாம் உண்டு. ஆனால் சுவருக்குப் போகிற கம்பி கிடையாது. பின்பக்கம் விரல் நீளத்துக்கு ஓர் ஏரியல், உள்ளே பற்றரி. கரண்ட் போனாலும் வேலை செய்யும் என்று கடைக்காரர் சொன்னாராம். கரண்ட் பற்றிச் சொன்ன மனிசன் சிக்னல் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தம்பி அந்தப் போனைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு வளவு முழுக்கத் திரிந்தான். கிணற்றுக்கட்டில் வைத்துப் பார்த்தான். குசினி யன்னலில் வைத்தான். கோழிக்கூட்டுக்கு மேலும் வைத்தான். திரையில் ஒரு கோடு தெரியும், பிறகு மறைந்துவிடும். கடைசியில் தெற்குப் பக்கத்து அறையில், அலுமாரியின் மேல், யன்னலோரமான மூலையில் வைத்தபோது இரண்டு கோடுகள் வந்து அசையாமல் நின்றன. பெரிய கண்டுபிடிப்புச் செய்தவன் போல ஒரு சோக்கட்டியை எடுத்து, போனைச் சுற்றிக் கோடு போட்டான்.

“இந்தக் கோட்டை விட்டு அரக்கினீங்கள் எண்டா, பிறகு என்னைக் கேக்கப்படாது” என்றான்.

“தூசி தட்டவும் உன்னட்டக் கடிதம் வாங்க வேணுமோ?” என்று கேட்டேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேலே. அவன் அதைக் கணக்கெடுப்பதில்லை.

அந்தப் போனை அவன் வாங்கியது ஆடம்பரத்துக்காக அல்ல. அவனோடு ஒரே வகுப்பில் படித்த ஒருவனைச் சந்தியில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். கூட்டிக்கொண்டு போனது யார் என்று வாய்விட்டுக் கேட்க முடியாத காலம். அந்தப் பிள்ளை திரும்பி வரவில்லை. அந்தக் கிழமையே அம்மா தம்பியின் உடுப்புகளை ஒரு பையில் அடுக்கிவிட்டார். அப்பா இல்லாத வீட்டில் முடிவெடுக்கிறவர் அவர்தான். தம்பி கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கி, வெளிநாட்டு வேலைக்கு அலுவல் பார்ப்பதென்று முடிவானது. போவதற்கு முதல் நாள்தான் போன் வந்தது, அம்மாவோடு தினமும் கதைக்க வேண்டுமென்று.

பஸ் ஏறப்போகும்போது அம்மா அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், “எனக்கு என்ன நடந்தாலும் நீ இங்கால வரப்படாது. நான் செத்தாலும் வரப்படாது. விளங்கிச்சோ?” பிறகு என் பக்கம் திரும்பி, “நீயும் இவனைக் கூப்பிடப்படாது, பிள்ளை” என்றார். நல்ல சுகத்தோடு இருந்த மனிசி சொன்ன சொல் அது. நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பின்னேரம் ஆறு மணிக்கு அவனுடைய போன் வரும். அம்மா ஐந்தரைக்கே முகம் கழுவித் திருநீறு பூசி ஆயத்தமாகிவிடுவார். மணி அடித்ததும் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு கதிரையில் ஏறுவார். நான் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொள்வேன். “சாப்பிட்டியோ? என்ன கறி? பருப்பு மட்டுமோ?” என்று அவர் போடுகிற சத்தத்துக்குப் போனே தேவையில்லை, கொழும்புக்கு நேரடியாகவே கேட்டிருக்கும். எதிர்வீட்டு முஸ்லிம் அக்காவும், ராத்தா என்றுதான் கூப்பிடுவோம், எங்கள் போனில்தான் கதைப்பார். அவருடைய புருஷன் கட்டாரிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் எடுப்பார். புருஷனும் பெண்சாதியும் கதைக்கிற கதையை ஒழுங்கை முழுவதும் கேட்கக் கதைத்தவர் ராத்தா ஒருவர்தான். முதலில் வெட்கப்பட்டார், பிறகு பழகிவிட்டது. எங்களுக்கும் பழகிவிட்டது.

இப்படி ஏழெட்டு மாதம் போயிருக்கும். அம்மாவுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. படுத்தால் மூச்சு வரவில்லை. இருதயம் பலவீனம், நெஞ்சில் நீர் கட்டுகிறது என்று பட்டினத்து டொக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து, குளிசைகளோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காற்று வரட்டும் என்று தெற்கு அறைக்குக் கட்டிலை மாற்றினேன். அப்படித்தான் போன் இருந்த அறையிலேயே அம்மா படுக்கும்படி ஆனது.

“தம்பிக்குச் சொல்லாதை” என்றார் முதல் நாள். நானும் சொல்லவில்லை. கதிரையில் ஏறி நின்று பொய் சொன்னேன். அம்மா கோயிலுக்குப் போய்விட்டார் என்றேன். குளிக்கிறார் என்றேன். ஒரு மனிசி எத்தனை நாளைக்குத்தான் ஆறு மணிக்கே குளிப்பார்? ஒருநாள் தம்பி விடவில்லை.

“அக்கா, அம்மாவிட்டக் குடுங்கோ. குரலைக் கேட்டு எத்தினை நாளாச்சு.”

கீழே அம்மா கையை நீட்டினார். அவருடைய குரல் அப்போது பாதியாகிவிட்டிருந்தது. மூன்று சொல் சொல்ல முன்னம் மூச்சு வாங்கும். ஒரு சொல் கேட்டாலே தம்பி விளங்கிக்கொள்வான், விளங்கினால் பஸ் ஏறுவான். அவனுடைய குணம் எனக்குத் தெரியும். வழியெல்லாம் சோதனைச் சாவடி. எங்காவது ஓரிடத்தில் இறக்கி வைத்துக்கொண்டார்களென்றால் யாரிடம் போய்க் கேட்பேன்? அவனுடைய சிநேகிதனின் தாய் எங்கெல்லாம் போய்க் கேட்டார் என்று பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலே போனை அலுமாரியிலிருந்து தூக்கினேன். சோக்குக் கோட்டை விட்டு இறக்கி, அம்மாவின் தலைமாட்டில் வைத்தேன். திரையில் இருந்த இரண்டு கோடும் போய்விட்டன. காதில் இரைச்சல் மட்டும் கேட்டது. “தம்பி, கேக்கேல்ல... லைன் இல்லை... ஹலோ” என்றேன். உண்மையாகவே எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பொய்யையே உண்மையாக்கித் தருகிற ஒரு வழி கையில் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. முதலில் மேலே நின்று, எல்லாரும் சுகம், நீ வரத் தேவையில்லை என்று தெளிவாகச் சொல்வேன். அவன் அம்மாவைக் கேட்டதும் போனைக் கீழே இறக்குவேன்.

“தம்பியே? இஞ்ச தா, பிள்ளை” என்பார் அம்மா.

“லைன் இல்லையம்மா. இந்தாங்கோ, கதைச்சுப் பாருங்கோ” என்று ரிசீவரை அவருடைய காதில் வைத்துவிடுவேன். அவருடைய ஆறுதலுக்காகச் செய்தது அது. இரைச்சலோடு கதைத்தாவது மனம் ஆறட்டும் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அவர் முணுமுணுக்கத் தொடங்குவார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஏலாது. தேத்தண்ணீர் போடுகிற சாட்டில் குசினிக்குப் போய்விடுவேன். அங்கிருந்து முணுமுணுப்புக் கேட்கும், சொற்கள் கேட்காது. திரும்பி வரும்போது ரிசீவர் அவருடைய நெஞ்சில் கிடக்கும். நான் எடுத்துப் போனை மேலே, கோட்டுக்குள் வைப்பேன். பொய் சொல்லக்கூடாது என்று காலையில் பள்ளிக்கூடத்தில் மாணவர்களுக்குப் படிப்பித்துவிட்டு வந்து, பின்னேரத்தில் நான் செய்த வேலை இது.

ராத்தா ஒருநாள் கஞ்சிக் கோப்பையோடு வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டார்.

“ஏன் தங்கச்சி போனை இறக்குறீங்க? மேல வெச்சாத்தானே கேக்கும்?”

குசினிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காரணத்தைச் சொன்னேன். ராத்தா கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“தம்பியைக் காப்பாத்துறீங்க, அது சரி. அந்த மனிசிட ஆசையை ஆரு பாக்கிற?”

“உங்கட பிள்ளை கொழும்பில இருந்தாத் தெரியும்” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். ராத்தாவுக்குப் பிள்ளை இல்லை. அது தெரிந்தும் சொன்னேன். மறுநாள் நான் அவருடைய முகத்தைப் பார்க்காமல் ஒழுங்கையில் நடந்தேன். அவரோ ஒன்றும் நடக்காததுபோலக் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதுதான் எனக்குச் சுட்டது.

ஒரு வியாழக்கிழமை அம்மா கொஞ்சம் தெளிந்திருந்தார். கட்டிலில் நிமிர்ந்து இருந்து, கஞ்சியை முழுவதும் குடித்தார். மூச்சும் அவ்வளவு வாங்கவில்லை. இப்போது கதைத்தால் தம்பிக்கு வித்தியாசம் தெரியாது, இரண்டு வார்த்தை பேச வைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. கதிரையில் அவரால் ஏற ஏலாது. ஆகவே ராத்தாவும் நானுமாகக் கட்டிலை அலுமாரியோடு ஒட்டி இழுத்து, இரண்டு தலையணை வைத்து அம்மாவை உயர்த்தி, சுருட்டை வயரை இழுத்துப் பார்த்தோம். போனைக் கோட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு ரிசீவரை மட்டும் இறக்கினால், அம்மாவின் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. அவரைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் போதும். இவ்வளவு இலகுவான வேலையை இத்தனை நாளும் நான் செய்து பார்க்கவில்லை. “நாளைக்கு, அம்மா” என்றேன். “நாளைக்கு வடிவாக் கதைக்கலாம்.” அம்மா தலையாட்டினார்.

மறுநாள் பட்டினத்தில் குண்டு வெடித்தது. மத்தியானமே போன்கள் எல்லாம் நின்றுவிட்டன. மாவட்டம் முழுக்க நிறுத்திவிட்டார்கள் என்று வீதியால் வந்தவர்கள் சொன்னார்கள். ஆறு மணிக்கு நான் கதிரையில் ஏறி நின்று அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாளும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை விடியக் கஞ்சி கொண்டுபோனபோது அம்மா போய்விட்டிருந்தார்.

ஊரடங்குக்கு இடையில் கிடைத்த சில மணித்தியாலத்துக்குள் எல்லாக் காரியமும் முடிந்தது. ராத்தாவின் தம்பியும் ஒழுங்கையிலிருந்த வேறு ஆட்களும் தோள் கொடுத்தார்கள். கொள்ளி வைக்கத் தம்பி இல்லை, சித்தப்பா முறையான ஒருவர் வைத்தார். தம்பிக்குச் சொல்ல ஒரு வழியும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவன் வரவில்லை, உயிரோடு இருக்கிறான், அம்மா அன்றைக்குச் சொன்ன சொல்லை நான் காப்பாற்றிவிட்டேன் என்று.

புதன்கிழமை போன் திரும்ப வந்தது. ஆறு மணிக்கு அடித்தது. கதிரையில் ஏறி நின்றேன். இரண்டு கோடும் தெளிவாக இருந்தன.

“தம்பி, அம்மா எங்களை விட்டுப் போட்டா” என்றேன். “ஞாயிற்றுக்கிழமை. ரெண்டு மாசமா ஏலாமல் இருந்தவ. உன்னட்ட மறைச்சுப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்.”

அவன் அழுவான், அல்லது என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன்.

“எனக்குத் தெரியும், அக்கா” என்றான்.

“ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்ல. நீங்கள் போனைக் கீழ வைச்சா என்ர குரல்தான் உங்களுக்கு வாறேல்ல. உங்கட பக்கத்துச் சத்தம் எனக்குக் கேட்டது. விட்டு விட்டு எண்டாலும் கேட்டது. அம்மா இருமினது, நீங்கள் லைன் இல்லை எண்டு சொன்னது, எல்லாம் கேட்டது.”

நான் அலுமாரியைப் பிடித்துக்கொண்டேன்.

“அம்மா எண்டு கத்துவன், அக்கா. அவவுக்குக் கேக்காது. அடுத்த நாள் நீங்கள் எல்லாரும் சுகம், வரத் தேவையில்லை எண்டு சொல்லுவீங்கள். எனக்குக் கேட்டது எண்டு உங்களிட்டச் சொன்னா, பிறகு நான் வரவேணும். சோதனைச் சாவடியை நினைக்கப் பயம். அதால நானும் கேக்காத மாதிரி இருந்தனான்.”

அவனைத் தேற்ற வேண்டும் என்றுதான் தோன்றியது. “அம்மாவும் அதைத்தானே சொன்னவ. செத்தாலும் வரப்படாது எண்டு” என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் என்னைக் கேட்க வைத்தது. நான் குசினியில் நின்ற நேரமெல்லாம் அம்மா அவனிடம் என்ன கதைத்தார்?

“வரச் சொன்னவ, அக்கா” என்றான். “ஒவ்வொரு நாளும் அதைத்தான் சொன்னவ. ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போ ராசா எண்டு. அக்காவுக்குச் சொல்லாதை, அவள் பயப்படுவாள் எண்டும் சொன்னவ.”

கதிரையில் நின்றபடியே நான் அழுதேன். அந்தப் பக்கத்தில் அவன் அழுதான். அன்றைக்கு லைன் ஒரு தடவைகூட அறுபடவில்லை.